சுபாவத்திலேயே முரடன்

செத்தவனைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய முடியாது. தேனி, பெரியகுளம், உத்தமபாளையம் என்று இருபத்திரண்டு வருடமாகக் கறுப்புக் கோட்டைச் சுமந்துகொண்டு அலைகிற எனக்கு இதைவிட எரிச்சல் தரும் விஷயம் வேறில்லை. ஒருவன் சொன்னதை இன்னொருவர் வந்து "அவன் இப்படிச் சொன்னான்" என்றால் சட்டம் காதைப் பொத்திக்கொள்ளும். அது செவிவழிச் செய்தி, செல்லாது. அதே ஆள், தன் சாவுக்கு யார் காரணம் என்று சொல்லிவிட்டுச் செத்துப்போனால் மட்டும் கேட்டவர் வந்து சொல்லலாம். அது செல்லும். சாகப்போகிறவன் பொய் சொல்ல மாட்டானாம். பொய் சொல்ல மாட்டான், சரி. தப்பாக நினைத்துக்கொள்ளவும் மாட்டானா?

செல்வமணி சொல்லிவிட்டுத்தான் செத்தார். 2024 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை ஐந்து மணி. மலை ஏறி கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் கூலிப் பெண்களை ஜீப் ஜீப்பாகப் பிரித்து அனுப்புகிற மேஸ்திரி அவர். கம்பம்மெட்டு ரோட்டின் அடிவாரத்தில், பனிமூட்டத்தில் பைக்கை நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கியவருக்குப் பின்னந்தலையில் ஒரே அடி. அப்போதுதான் அடுப்பைப் பற்றவைத்திருந்த கருத்தம்மாளின் டீக்கடை வரை தவழ்ந்து வந்து, "கர்ணன் அடிச்சுட்டான்" என்றாராம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் போய்விட்டார்.

அந்தக் கர்ணன்தான் என் கட்சிக்காரன். பண்ணைப்புரத்துக்காரன், இருபத்தொன்பது வயது, ஜீப் ஓட்டுகிறவன். வழக்கமாக அவன் ஜீப்பில் வரும் பெண்களைச் செல்வமணி வேறொரு ஜீப்புக்கு மாற்றிவிட்டார். கம்பம் ஜீப் ஸ்டாண்டில் பத்துப் பேர் பார்க்க "ஒன்னையப் பாத்துக்கிறேன்" என்று கத்தியிருக்கிறான். மூன்றாம் நாள் செல்வமணி செத்தார். அரசு தரப்பிடம் இருந்தது இவ்வளவுதான்: ஒரு சவடால், செத்தவர் சொன்ன இரண்டு வார்த்தை. ரத்தம் பட்ட சட்டை இல்லை, அடித்த ஆயுதம் இல்லை, கண்ணால் பார்த்தவர் இல்லை.

கர்ணன் அடித்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. அரசு தரப்பு அதை நிரூபிக்கவில்லை என்பது மட்டும் தெரியும். டாக்டரைக் கூண்டில் வைத்து, அடி பின்னாலிருந்துதான் விழுந்தது என்று சொல்லவைத்தேன். கருத்தம்மாளிடம், அன்றைக்குப் பனியில் ரோட்டின் எதிர்ப்பக்கம் தெரிந்ததா என்று கேட்டேன். "எங்கிட்டுத் தெரியும்? எங்கடைப் பலகையே எனக்குத் தெரியல. செத்தவன் சொன்னதத்தான் நான் சொல்றேன். அவன் பாத்தானா பாக்கலையான்னு நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள். நீதிபதி தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார். பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று நினைத்தேன்.

மீதிப் பாதிக்குத்தான் கர்ணனின் அம்மா பொன்னாத்தாளைச் சாட்சியாகக் கூப்பிட்டேன். அன்று காலை ஐந்தேகால் வரை கர்ணன் பண்ணைப்புரத்தில் வீட்டில் இருந்தான், அவள் காபி போட்டுக் கொடுத்தாள். அங்கிருந்து கம்பம்மெட்டு அடிவாரத்துக்கு எப்படி ஓட்டினாலும் அரைமணி நேரத்துக்கு மேல் ஆகும். அவள் இதை மட்டும் சொன்னால் போதும்.

சொல்லக்கூடாதது எது என்பதுதான் முக்கியம். நம் சட்டத்தில் ஒரு நியாயம் உண்டு. கூண்டில் நிற்பவன் ஏற்கெனவே போக்கிரி, முரடன் என்று அரசு தரப்பு தானாக ஆரம்பிக்க முடியாது. ஒருவன் கெட்டவன் என்பதற்காக இந்தக் குற்றத்தையும் அவன் தலையில் கட்டிவிடக் கூடாது என்பதற்காக அந்தத் தடை. ஆனால் "அவன் நல்லவன்" என்று நம் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தால் தடை போய்விடும். அப்புறம் அவர்கள் அவனுடைய குணத்தைத் தோண்டலாம். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இந்த இடத்துக்காகவே சொல்லிவைத்தது போலிருக்கும்.

அதனால் முதல் நாளே கேட்டேன். என் ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் கர்ணனின் அப்பா சுருளிவேல். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு, பத்து ஏக்கர் வாழை, கோயில் கமிட்டியில் தலைவர். பொன்னாத்தாள் அவருக்குப் பின்னால் நின்றாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கர்ணன் மேல முன்னாடி ஏதாவது கேஸ், புகார், சண்டை சச்சரவு உண்டா?"

"ஒண்ணும் கெடையாது வக்கீலம்மா" என்றார் சுருளிவேல். "எங்க குடும்பத்துல ஸ்டேஷன் வாசப்படி மிதிச்ச ஆள் கெடையாது."

நான் பொன்னாத்தாளைப் பார்த்தேன். "நீங்க சொல்லுங்க."

"அவுக சொன்னதுதான்" என்றாள்.

அதோடு விட்டுவிட்டேன். இருபத்திரண்டு வருட அனுபவம், பெயர் நாகஜோதி, நானும் ஒரு பெண். புருஷன் பக்கத்தில் இருக்கும்போது மனைவியிடம் கேட்ட கேள்விக்குப் பதில் என்று ஒன்று கிடையாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு வெளியே நாலு கட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். அவசரம். அந்த அவசரத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சாட்சி சொல்லும் நாள் பண்ணைப்புரத்திலிருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். நான் கூப்பிடவில்லை. ஊர்க்கூட்டத்துப் பழக்கம் அது. அங்கே பிராது வந்தால் என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன் "ஆள் எப்படி?" என்றுதான் கேட்பார்கள். அவனுக்காக எத்தனை பேர் எழுந்து நிற்கிறார்கள் என்பதில் பாதித் தீர்ப்பு முடிந்துவிடும். அதே நினைப்பில் கோர்ட் வராண்டாவை நிறைத்து நின்றார்கள். ஒரு பெரியவர், "ஏம்மா, நாங்கள்லாம் உள்ள வந்து ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்லட்டுமா?" என்றார். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாலே பெரிய உபகாரம் என்று சொல்லி அனுப்பினேன்.

பொன்னாத்தாளை ஓரமாக அழைத்துப் போனேன்.

"ஆத்தா, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லணும். மணி, காபி, அவன் வீட்டுல இருந்தது. அவ்வளவுதான். எம்மகன் நல்லவன், தங்கம், வைரம்னு ஒரு வார்த்தை வரக்கூடாது."

"நல்லவனை நல்லவன்னு சொல்லக் கூடாதா?"

"கூடாது."

"என்ன கோர்ட்டோ போங்க" என்றாள். ஏன் கூடாது என்று நான் விளக்கியிருக்க வேண்டும். விளக்கினால் குழம்பிப்போவாள் என்று நினைத்தேன்.

கூண்டில் ஏறினாள். சத்தியம் செய்தாள். எதிர்க் கூண்டில் கர்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மூன்றாவது வரிசையில் சுருளிவேல், அவரைச் சுற்றி ஊர்க்காரர்கள். நான் கேட்டேன், அவள் சொன்னாள். ஐந்து மணிக்கு எழுந்தாள், பால் காய்ச்சினாள், மகனை எழுப்பினாள், ஐந்தேகாலுக்கு அவன் காபி குடித்தான். சுத்தமான சாட்சியம். நான் உட்காரப் போனேன்.

"அய்யா" என்று நீதிபதியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "எம்மகன் ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நெனக்காதவன்யா. இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆள் மேல கை ஓங்குனது இல்ல. வேணும்னா ஊரைக் கேளுங்க, அங்கன உக்காந்துருக்காக."

ஊர் தலையாட்டியது.  அரசு வழக்கறிஞர் எழுந்து நின்றார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் சிரிக்கவில்லை. ஒரு மஞ்சள் காகித உறையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். எத்தனை நாளாக வைத்திருந்தாரோ! நாங்களாகக் கதவைத் திறக்கும்வரை அவரால் அதை வெளியே எடுக்க முடியாது. அதற்காகவே காத்திருந்திருக்கிறார்.

"இது உங்க கையெழுத்தாம்மா?"

பொன்னாத்தாள் தாளைப் பார்த்தாள். பிறகு மூன்றாவது வரிசையைப் பார்த்தாள்.

"ஆமா."

"2019 ஜூன்ல நீங்க போலீஸ் ஸ்டேஷன்ல கொடுத்த புகார். படிக்கிறேன். 'என் மகன் கர்ணன் சுபாவத்திலேயே முரடன். மது அருந்திவிட்டு வந்து எங்களை அடிப்பது வழக்கம். ஊரே அவனுக்குப் பயப்படும். நேற்று என் கணவரை அடித்துக் கையை உடைத்துவிட்டான். என்றாவது ஒருநாள் யாரையாவது கொன்றுவிடுவான் என்று அஞ்சுகிறேன்.' நீங்க சொன்னதுதானே?"

நான் எழுந்து கத்தினேன். இது வழக்காகப் பதிவானது இல்லை, சமாதானமாகி மூடிய மனு, ஒரு சம்பவத்தை வைத்து ஒருவனுடைய குணத்தைச் சொல்லக் கூடாது என்றெல்லாம் வாதாடினேன். நீதிபதி பொறுமையாகக் கேட்டார். "சம்பவத்தை விடுங்கள் மேடம். பொதுவான சுபாவம், ஊரில் உள்ள பெயர், இரண்டும் இதில் இருக்கிறதே. நல்லவன் என்று ஆரம்பித்தது உங்கள் சாட்சி. அதே சாட்சி முன்பு எழுதிக் கொடுத்ததை வைத்து அவரைக் கேட்கலாம்" என்று அனுமதித்தார்.

'சுபாவத்திலேயே முரடன். ஊரே அவனுக்குப் பயப்படும்.' இவை பொன்னாத்தாளின் வார்த்தைகளே இல்லை. ஸ்டேஷனில் எழுதுகிறவர் எந்த மனுவிலும் போடுகிற வரிகள். நானே என் கட்சிக்காரர்களுக்காக நூறு மனுக்களில் அதே வரிகளைப் போட்டிருக்கிறேன், யாரைப் பற்றி என்றுகூட யோசிக்காமல். இப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

"சொல்லுங்கம்மா. கை ஓங்குனதே இல்லைன்னு இப்பச் சொன்னீங்க. அப்பாவோட கையை உடைச்சான்னு அன்னைக்குச் சொன்னீங்க. எது பொய்?"

 அவர் மூன்று முறை கேட்டார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

குறுக்கு விசாரணை முடிந்ததும் என் சாட்சியை மறுபடி கேட்க எனக்கு உரிமை உண்டு. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். ஆனாலும் எழுந்தேன். கூண்டின் விளிம்பைப் பிடித்திருந்த அவளுடைய இடது கையை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். மணிக்கட்டு கோணலாக ஒட்டியிருந்தது. முதல் நாள் என் ஆபீஸில் சுருளிவேலின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அந்தக் கைதான்.

"அன்னைக்கு கர்ணன் எதுக்காக அப்பாவை அடிச்சான்?"

 சுருளிவேல் துண்டை எடுத்து மடியில் வைத்தார். கர்ணன் எதிரிலிருந்து, "ஆத்தா, வேணாம்" என்றான். காவலர் அவனை அதட்டினார்.

"சொல்லுங்க ஆத்தா. இப்பச் சொல்லலேன்னா இனிமே சொல்ல இடம் கிடையாது."

அவள் யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"அவுக என்னைய அடிச்சாக. அன்னைக்கு மட்டுமில்ல, வாக்கப்பட்டு வந்த வருசத்துலருந்து. இந்தக் கை அவுக ஒடச்சதுதான். அன்னைக்கு அம்மிக் கொழவியத் தூக்கிட்டாக, எந்தலையில போட. எம்மகன் குறுக்க விழுந்து கையப் பிடிச்சு முறுக்கிட்டான். ஒடஞ்சுருச்சு. மகன் ஒடச்சான்னு அவுக வாயால ஸ்டேஷன்ல சொன்னா மானம் போயிரும், நீ சொல்லுன்னு கூட்டிட்டுப் போனாக. ஸ்டேஷன்ல எழுதி வச்சுருந்தாக, நான் கையெழுத்துப் போட்டேன். பெத்தவ திட்டுனா புள்ளைக்குப் பலிக்காதும்பாகளே, அதான் போட்டேன்."

கர்ணன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். மூன்றாவது வரிசையில் ஒருவர் எழுந்து வெளியே போனார், அவர் பின்னால் இன்னொருவர். சுருளிவேல் அசையவில்லை.

அரசு வழக்கறிஞர் அனுமதி பெற்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதை இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இல்ல."

"உங்க வக்கீல்கிட்ட?"

அவள் என்னைப் பார்த்தாள். "அவுக தனியாக் கேக்கலையே" என்றாள். அப்புறம் "இல்ல" என்றாள்.

அன்று வேனில் அவளை ஏற்றிக்கொள்ளவில்லை. புருஷனைச் சபையில் வைத்து மானம் கெடுத்தவளோடு உட்கார முடியாது என்று பெண்கள்தான் முதலில் சொன்னார்களாம். தேனி பஸ் ஸ்டாண்டுக்கு நான் கூட்டிப் போனேன். என் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். "எத்தன நாளைக்கு வக்கீலம்மா?" என்றாள். பண்ணைப்புரம் வழியாகப் போகும் தேவாரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

ஒன்றரை மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. ஆயுள் தண்டனை. செல்வமணி கடைசியாகச் சொன்னதை நம்பாமல் இருக்கக் காரணமில்லை, குற்றம் சாட்டப்பட்டவரின் முரட்டு சுபாவம் அவருடைய தாயாரின் எழுத்தாலேயே தெரியவருகிறது, அது அந்த வாக்குமூலத்துக்கு வலு சேர்க்கிறது என்று எழுதியிருந்தார் நீதிபதி. முப்பத்தோராம் பக்கத்தில் பொன்னாத்தாளைப் பற்றி ஒரு பத்தி: 'தன்னைத் தன் கணவர் துன்புறுத்தியதாக இச்சாட்சி கூறுவது, மகனைக் காப்பாற்றும் நோக்கில் காலம் கடந்து புனைந்த கதை என்றே இந்நீதிமன்றம் கருதுகிறது. அவருடைய கணவர் ஊரில் மதிப்புள்ளவர் என்பது எத்தரப்பாலும் மறுக்கப்படவில்லை.'

யாரோ எழுதிக் கொடுத்ததற்கு அவள் போட்ட கையெழுத்தை நம்பினார்கள். சத்தியம் செய்து சொன்னதை நம்பவில்லை. போலீஸ் வேனில் ஏறும்போது கர்ணன் என்னிடம் கேட்டது மேல்முறையீட்டைப் பற்றி அல்ல. "அக்கா, ஆத்தாவை அங்கன இருக்க விடாதீக. இனி நடுவுல விழுக ஆள் இல்ல" என்றான்.

பத்து நாள் கழித்து சுருளிவேல் என் ஆபீஸுக்கு வந்தார். பொன்னாத்தாள் பின்னால் பையோடு வந்தாள். இளைத்திருந்தாள். சேலையை இரண்டு தோளையும் மூடிப் போர்த்தியிருந்தாள். மதுரை ஐகோர்ட்டில் மேல்முறையீடு செய்வதைப் பற்றிப் பேச வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"அப்பீல் கெடக்கட்டும் வக்கீலம்மா, அது பாட்டுக்கு நடக்கும்" என்றார். "தீர்ப்புல எம் பேர் வர்ற பக்கம் இருக்காம்ல? முப்பத்தொண்ணு. அது மட்டும் ஒரு காப்பி குடுங்க. ஊர்ல ஆளாளுக்கு ஒண்ணு பேசுறாக. ஜட்ஜையாவே பொய்யின்னு எழுதிட்டாருன்னு காட்டணும்."

மகனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்த தீர்ப்பு. அதிலிருந்து அந்த மனிதருக்கு வேண்டியிருந்தது ஒரு பத்தி. மேஜையில் இருந்த தீர்ப்பு நகலை எடுத்து அவர் முகத்தில் எறியலாம் போல இருந்தது. எறியவில்லை. தீர்ப்பு பொது ஆவணம், யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதுதான். அந்தப் பக்கத்தை உருவி நீட்டினேன்.

"என் மிஷின் ரிப்பேர். எதிர்த்தாப்புல ஜெராக்ஸ் கடை இருக்கு, நீங்களே எடுத்துட்டு வந்துருங்க" என்றேன். மிஷின் நன்றாகத்தான் இருந்தது.

அவர் படி இறங்கும் சத்தம் அடங்கியதும் கதவைச் சாத்தினேன். இந்தத் தடவை தனியாகக் கேட்டேன். "வீட்டுல எப்படி இருக்கு ஆத்தா?"

 "அப்பீல்ல என்னையத் திரும்பக் கூப்புடுவாகளா?" என்றாள்.

"இல்ல ஆத்தா. அங்க சாட்சி கிடையாது. இங்க எழுதினதைத்தான் படிப்பாங்க."

"அப்ப நான் அன்னைக்குச் சொன்னதும் எழுதியிருக்கா?"

"இருக்கு."

"அந்தப் பக்கத்தக் காட்டுங்க."

அவளுடைய சாட்சியத்தை எடுத்துக் காட்டினேன். ஐந்தாவது வரை படித்தவள். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். 'என் கணவர் என்னை அடித்தார். திருமணமான வருடத்திலிருந்து அடித்து வருகிறார்.' அந்த வரியை இரண்டு முறை படித்தாள்.

"இத யாரும் அழிக்க மாட்டாகள்ல?"

"முடியாது. ஐகோர்ட் வரைக்கும் இதுதான் போகும்."

"எம்மகன இது கொண்டாந்துருமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியல ஆத்தா. சண்டை போடுவேன்."

அவள் தாளை என் பக்கம் தள்ளினாள்.

"எனக்கும் இதுல ஒரு காப்பி எடுத்துக் குடுங்க" என்றாள். "உங்க மிஷின் நல்லாத்தான் இருக்கும்."

எடுத்துக் கொடுத்தேன். சூடாக இருந்த தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகி, சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். சுருளிவேல் திரும்பி வந்தார். கையில் ஒரு காப்பி இல்லை, ஒரு கட்டு இருந்தது.

"இருவது எடுத்துட்டேன், ஊருக்குள்ள குடுக்கலாம்ல" என்றார். "போவமா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்று, அவர் காதில் விழும்படியே சொன்னாள். "என்னையப் பத்தி எதும் கெட்ட சேதி வந்தா, இனி யாரையும் கேக்க வேணாம் வக்கீலம்மா. நான் சொல்லி வச்சதையே எடுத்துப் படிங்க."